பொத்தான் கொக்கியும் ஐஸ் குத்தூசியும்

அக்டோபர் 12, வியாழன்: எல்லிஸ் தீவு

அக்கா முப்பத்து நான்கு வருடம் அரசு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள். ஓய்வு பெற்றதும் மூன்று மாதம் எங்களோடு தங்க நியூஜெர்சி வந்தாள். சிலை, உயரக் கட்டடங்கள், நயாகரா எல்லாம் பார்த்தாயிற்று. "வேற என்னடா இருக்கு?" என்று அவள் கேட்ட அன்று, மூடிப்போன ஆஸ்பத்திரிகளைக்கூட இங்கே டிக்கெட் போட்டுக் காட்டுகிறார்கள் என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன். நயாகராவைப் பார்த்தபோது வராத சிரிப்பு முகத்தில் வந்தது. சரி என்று இரண்டு நாள் லீவு போட்டு, வார இறுதியையும் சேர்த்துக்கொண்டேன்.

நியூயார்க் துறைமுகத்து எல்லிஸ் தீவின் தெற்குப் பாதியில் இருக்கும் பழைய ஆஸ்பத்திரிக்குள் போக ஹெல்மெட் அவர்களே தருவார்கள். கால் மூடிய ஷூ மட்டும் நாம் போட்டுப் போக வேண்டும். இதை நான் படித்திருந்தேன், அவளிடம் சொல்லத்தான் மறந்துவிட்டேன். படகுத்துறையில் காரை விட்டு அவள் இறங்கியபோதுதான் காலைப் பார்த்தேன். ரப்பர் செருப்பு. நல்லவேளை, டிக்கியில் என் மனைவி ஓடப் போகும்போது போடும் ஊதா ஷூ கிடந்தது. ஒரு அளவு பெரிசு. முனையில் டிஷ்யூ பேப்பரைத் திணித்து மாட்டிவிட்டேன். காட்டன் புடவை, ஊதா ஷூ, தலையில் ஹெல்மெட். வரிசையில் நின்ற ஒரு பெரியவர், "இன்று இங்கே சரியான உடையில் வந்திருப்பது நீங்கள் ஒருவர்தான்" என்றார். அதை மொழிபெயர்த்துச் சொன்னதற்கு எனக்குத்தான் ஒரு குட்டு விழுந்தது.

1892 முதல் 1954 வரை ஒரு கோடியே இருபது லட்சம் பேர் இந்தத் தீவு வழியாக அமெரிக்காவுக்குள் வந்தார்கள். கப்பலை விட்டு இறங்கும்போது உடம்பு சரியில்லாதவர்களை நிறுத்திவைக்கக் கட்டியது இந்த ஆஸ்பத்திரி. முதல் கட்டடம் 1902இல் திறந்தது. தொற்றுநோய்ப் பகுதி 1911இல். அப்புறம் தீவை மூடினார்கள், சன்னல் வழியே மரம் உள்ளே வந்தது. இப்போது இடியாமல் முட்டுக்கொடுத்து, இடிந்த நிலையிலேயே காட்டுகிறார்கள். சுவர்ப் பெயின்ட் காய்ந்த வாழைச்சருகு மாதிரி சுருண்டு தொங்குகிறது. ஆற்றுக்காற்று எலும்புவரை போனது.

முதலில் சலவைக்கூடம். ஆள் உயர உருளைகள், பற்சக்கரங்கள், ஓட்டை ஓட்டையாக ஒரு பெரிய தொட்டி. ஏதோ வதைக்கூடம் போல இருக்கிறதே என்று நான் கேமராவை எடுத்தேன். அக்கா தொட்டியை எட்டிப் பார்த்து, "துணி பிழியறது" என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள். ஒரு நாளைக்கு மூவாயிரம் துணிக்கு மேல் இங்கே துவைத்தார்கள் என்றார் வழிகாட்டி. அவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, சம்பளமில்லாமல் வந்து சொல்கிறாராம். நோயாளிக்கு எத்தனை பெட்ஷீட் கணக்கு என்று அக்கா கேட்கச் சொன்னாள். கேட்டேன். இத்தனை வருடத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை என்று அந்த அம்மா சிரித்தார். பதில் மட்டும் வரவில்லை.

தொற்றுநோய்ப் பகுதியில்தான் அந்தப் பெட்டி இருந்தது. இரும்புக் கதவு, கதவைச் சுற்றி முறுக்கு ஆணிகள், உள்ளே ஒரு ஆளைப் படுக்கவைத்துத் தள்ளிவிடலாம் போல இடம். எங்கள் கூட்டத்தில் ஓர் இளைஞன் பிணம் எரிக்கும் அடுப்பு என்றான். அவன் தோழி, மூச்சுத் திணறலுக்குக் காற்றழுத்த அறை என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை, ஆனால் மனதுக்குள் அந்தப் பையன் கட்சி. அக்கா கதவின் விளிம்பைப் பார்த்தாள், பக்கவாட்டில் போகும் குழாயைப் பார்த்தாள், கீழே தண்ணீர் வடியும் வழியைத் தேடினாள். "ஆட்டோகிளேவ். எங்க ஆபரேஷன் தியேட்டர்ல இதுல கால்வாசி இருக்கும், டிரம்மை உள்ள வைப்போம். இவ்வளவு பெரிசுக்கு..." என்று இழுத்து, கையை விரித்து நீளம் அளந்து, "மெத்தையா?" என்றாள். மெத்தைதான். அம்மை, டிப்தீரியா நோயாளிகள் படுத்த மெத்தையை அப்படியே உள்ளே தள்ளி, கிருமி சாக நீராவியில் வேகவைத்திருக்கிறார்கள். வழிகாட்டி அம்மா கைதட்டினார். ஊதா ஷூ ஒரு அங்குலம் உயர்ந்த மாதிரி இருந்தது.

பிணப் பரிசோதனை அறைக்கு மட்டும் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. எட்டுக் கதவு வைத்த குளிர்பெட்டி, எதிரே டாக்டர்கள் நின்று பார்க்கப் படிப்படியாக மேடை. இங்கே சிகிச்சை பெற்ற இரண்டே முக்கால் லட்சம் பேரில் ஏறத்தாழ மூவாயிரத்து ஐந்நூறு பேர் இறந்தார்கள். முந்நூற்றைம்பது குழந்தைகள் பிறந்தன. மருந்து ஒன்றும் பெரிதாக இல்லாத அந்தக் காலத்துக்கு இது ரொம்ப நல்ல கணக்கு என்றாள் அக்கா. எப்படிச் சமாளித்தார்கள் என்பதையும் அவளே காட்டினாள். அறை மூலைகளில் அழுக்குத் தங்காதபடி சுவரும் தரையும் வளைந்து சேர்ந்திருக்கின்றன. ஒவ்வொரு வார்டுக்கும் இரண்டு பக்கமும் சன்னல். "காத்துதான் மருந்து. நாங்க மூடின சன்னலைத் திறக்கச் சொல்லியே மேட்ரன் முப்பது வருஷம் கத்தினாங்க."

காசநோய் அறை ஒன்றில் கைகழுவும் தொட்டிக்கு மேலே கண்ணாடி. சரியான இடத்தில் நின்றால் அதில் சுதந்திர தேவி சிலை தெரிகிறது. கூட்டமே போட்டோ எடுத்தது. அக்கா எடுக்கவில்லை. "படுத்துக்கிடக்கிறவனுக்கு இதை வேற காட்டணுமா?" என்றாள்.

கடைசியாக, வடக்குப் பக்க அருங்காட்சியகத்தில் விரல் நீள இரும்புக் கொக்கி ஒன்று. அந்தக் காலத்து ஷூ பொத்தானை மாட்ட உதவுவது. மருத்துவச் சாமானோடு இது ஏன் இருக்கிறது என்று இரண்டு பேருக்குமே புரியவில்லை. பக்கத்தில் இருந்ததைப் படித்ததும் அக்கா "ஐயோ" என்றாள். வரிசையில் வருகிறவர்களின் மேல் இமையை இதால் மடித்துப் பார்த்திருக்கிறார்கள். ட்ரக்கோமா என்ற கண் தொற்றுநோய் இருக்கிறதா என்று. இருந்தால் அவர்கள் போட்டிருக்கும் மேல்கோட்டில் சாக்குக்கட்டியால் எழுத்துப் போடுவார்கள். வேறு நோய்களுக்கும் அப்படித்தான், நொண்டினால் 'எல்', இதயத்துக்கு 'ஹெச்', மனநிலையில் சந்தேகம் என்றால் 'எக்ஸ்'. ட்ரக்கோமா என்று உறுதியானால் பெரும்பாலும் திரும்பிப் போக வேண்டியதுதான். சல்பா மருந்து வரும்வரை அதற்குச் சரியான சிகிச்சை இல்லை.

திரும்பும் படகில், "கீழே பாரு" என்று என் கண்ணிமை மயிரைப் பிடித்தாள். மறுகை விரல் நுனியை இமைமேல் வைத்து ஒரு சின்ன அழுத்து. இமை புரண்டு நின்றது. வலிக்கவில்லை, ஆனால் காற்று நேராகக் கண்ணுக்குள் போகிற அந்தக் கூச்சம் இருக்கிறதே! "விரல்ல இவ்வளவு சுலபம். அவங்க ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்குல பார்த்தாங்க, கொக்கிதான் கைக்கு வந்திருக்கும்" என்றாள். எதிர் பெஞ்சில் இருந்த குழந்தை தன் இரண்டு கண்ணையும் பொத்திக்கொண்டது.

அக்டோபர் 13, வெள்ளி: பிலடெல்பியா

வெள்ளிக்கிழமை அக்காவுக்கு அசைவம் ஆகாது. அந்த ஊரோ மாட்டிறைச்சி சாண்ட்விச்சுக்குப் பேர்போனது. முறுக்கிய பெரிய ரொட்டி, உப்புத் தூவியது, அதுவும் அங்கே பேர்போனதுதான். தெருவண்டியில் இரண்டு வாங்கினோம், ஆறு டாலர். கடுகு விழுதைத் தொட்டுத் தின்றவள், "நம்ம முறுக்கை நனைச்சுக் கொடுத்துட்டான்" என்று தீர்ப்புச் சொன்னாலும் கடைசித் துண்டை விடவில்லை.

ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறைச்சாலை 1829இல் திறந்தது. கைதி யாரையும் பார்க்காமல் தனியே இருந்தால் மனம் திருந்துவான் என்று நம்பிக் கட்டியது. 1971இல் மூடினார்கள். நடுவில் ஒரு கூடம், அதிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால் போல அறை வரிசைகள். அதில் மூன்றாவது வரிசை ஆஸ்பத்திரி. இரும்பு வாசலில் சிவப்புச் சிலுவை இன்னும் இருக்கிறது.

நாங்கள் போன நேரம் சரியில்லை. ஹாலோவீனுக்காக இரவில் பேய்க் காட்சி நடத்துகிறார்கள். அதற்கான தட்டுமுட்டுச் சாமான் ஆங்காங்கே கிடந்தது. எது பழசு, எது செட் என்று பிரிக்கவே முடியவில்லை. ஒரு ஸ்ட்ரெச்சரைப் பார்த்து நான் உருகிக்கொண்டிருந்தபோது அக்கா அடியில் ஒட்டியிருந்த விலைச் சீட்டைக் காட்டினாள்.

அறுவை அறை மட்டும் நிஜம். கூரையிலிருந்து தொங்கும் பெரிய விளக்கு, கிண்ணம் கவிழ்த்த மாதிரி, துருப்பிடித்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. வெளிச்சத்தைப் பல திசையிலிருந்து விழவைத்து டாக்டரின் தலை நிழல் காயத்தில் விழாமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை என்று அக்கா எனக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். விளக்கினாளே தவிர, கண் கைப்பிடியிலேயே இருந்தது. "இதைத் துணி சுத்தித்தான் பிடிக்கணும். மறந்தா போச்சு, சர்ஜன் கிட்ட வாங்கிக் கட்டிக்கணும்." சிகாகோ தாதா அல் கபோன் இந்தச் சிறையில் 1929-30இல் இருந்தபோதுதான் அவனுக்கு டான்சில் எடுத்தார்களாம். அவன் அறையில் மேசை விளக்கு, கம்பளம் எல்லாம் வைத்துக் காட்டுகிறார்கள். அதற்கு நீண்ட வரிசை. நாங்கள் நிற்கவில்லை.

இன்னொரு வரிசையில் பாழடைந்த அறைக்குள் தனியாக ஒரு நாற்காலி. தலைக்கு அண்டை, கால் வைக்கப் பலகை, கீழே உயர்த்தி இறக்கும் தண்டு, கிழிந்த தோல். மின்சார நாற்காலி என்று முன்னால் நின்ற பெண் தன் கணவரிடம் கிசுகிசுத்தாள். நான் பல் டாக்டர் என்றேன். அக்காவும் முதலில் அப்படித்தான் சொன்னாள். அப்புறம் சுற்றிவந்து பார்த்தாள். "துப்பறதுக்குக் கிண்ணம் எங்கே? டிரில் கை மாட்டற இடமே இல்லையே. தரையில தண்ணிக் குழாய் வந்த அடையாளமும் இல்லை." அங்கே நின்ற காவலாளி அலுத்துப்போன குரலில் சொன்னார்: "முடிவெட்டும் நாற்காலி." தினமும் இருநூறு தடவையாவது சொல்லியிருப்பார், பாவம்.

இரண்டு நாளில் நான் பயந்து போட்டோ எடுத்த சாமான்களை ராத்திரி ஓட்டலில் வரிசையாகப் பார்த்தேன். துணி பிழிவது, மெத்தை வேகவைப்பது, முடி வெட்டுவது. சின்னதாக இருந்த அந்தக் கொக்கியை மட்டும் ஒரு போட்டோகூட எடுக்கவில்லை.

அக்டோபர் 14, சனி: மழை

விடாத மழை. காலையில் அதே ஊரில் மியூட்டர் மருத்துவ அருங்காட்சியகம். பாழடைந்த ஆஸ்பத்திரி இல்லை, ஆனால் அங்கே ஓர் அலமாரி இழுப்பறை இழுப்பறையாக இருக்கிறது. செவாலியர் ஜாக்சன் என்ற தொண்டை மருத்துவர் நோயாளிகளின் தொண்டையிலிருந்தும் மூச்சுக்குழாயிலிருந்தும் எடுத்தவை, மொத்தம் 2,374. ஊக்கு, பொத்தான், காசு, பொம்மைச் சாமான். பள்ளிக்கு ஒரு நாளும் மட்டம் போடாததற்குக் கொடுத்த பதக்கம்கூட ஒன்று. ஒரு பையன் ஒரு ரூபாயை விழுங்கிவிட்டு, மருத்துவமனைக்குச் செலவான ஆட்டோக் காசைத் திருப்பித் தரச் சொல்லி அப்பாவிடம் அடிவாங்கிய கதையை அக்கா அங்கேயே சொன்னாள். அந்த டாக்டர் தானே வடிவமைத்த இடுக்கிகளின் நீளத்தைப் பார்த்துப் பேச்சு நின்றது. கேமரா இல்லாத காலத்தில் இவ்வளவு நீளக் கம்பியின் முனையை ஒரு குழந்தையின் மூச்சுக்குழலில் திறந்து, ஊக்கை மூடி எடுக்க வேண்டும். "கை நடுங்கக் கூடாதேடா" என்றாள், தன் கையைப் பார்த்துக்கொண்டே.

அப்புறம் ஆறு மணி நேரக் கார் ஓட்டம், வெஸ்ட் வர்ஜினியாவுக்கு. மலைப்பாதையில் லாரி தெறிக்கும் தண்ணீரில் முன்கண்ணாடி வெள்ளையானது. வழியில் பெட்ரோல் பங்கில் அந்த ஊர்ப் பெப்பரோனி ரோல், இறைச்சி வைத்துச் சுட்ட ரொட்டி, சுரங்கத் தொழிலாளிகள் மதியச் சாப்பாட்டுக்கு எடுத்துப்போனது. மூன்றரை டாலர். இன்று சனிக்கிழமை ஆயிற்றே, அக்கா இரண்டு சாப்பிட்டாள்.

வெஸ்டனில் பழைய மோட்டல், 68 டாலர். அலுவலகத்து அம்மா அக்காவை வாய்க்கு வாய் "கண்ணே" என்றார். என்னை ஒரு தடவைகூட அப்படிச் சொல்லவில்லை. பாத்ரூமில் சுவரோடு பதித்த இரும்பு மருந்து அலமாரி. பல் துலக்கப் போன அக்கா பத்து நிமிடம் வெளியே வரவில்லை. "தம்பி, இங்க வா." அலமாரியின் பின்தகட்டில் ஒரு சின்னக் கீறல், காசு போடும் துவாரம் மாதிரி. மொபைல் டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே இருட்டு. தெர்மாமீட்டர்? மாத்திரைச் சீட்டு? காற்றுப் போகவா? தூக்கம் வரவில்லை இருவருக்கும்.

அக்டோபர் 15, ஞாயிறு: வெஸ்டன்

காலையில் சாவியைக் கொடுக்கும்போது அக்கா முதல் வேலையாகக் கேட்டாள், நேராகத் தன் இங்கிலீஷிலேயே. "பழைய ஷேவிங் பிளேடு போடுவதற்கு, கண்ணே" என்றார் அந்த அம்மா. தேய்ந்த பிளேடைக் கீறலில் போட்டால் சுவருக்குள் விழுந்துவிடும். யார் எடுப்பார்கள்? யாரும் எடுப்பதில்லை. கட்டடம் இடியும் நாளில் பார்த்துக்கொள்ளலாம். ஆஸ்பத்திரிக் கழிவை நிறம் பார்த்துப் பிரித்துப் போட்டே வாழ்ந்த அக்காவுக்கு இது தாங்கவில்லை. காரில் ஏறியும், "சுவத்துக்குள்ளயா!" என்றாள்.

டிரான்ஸ்-அலிகெனி மனநோய் மருத்துவமனை, கையால் செதுக்கிய கல்லில் ஏறத்தாழ கால் மைல் நீளம். 1858இல் கட்டத் தொடங்கினார்கள், 1864இல் நோயாளிகள் வந்தார்கள், 1994இல் மூடினார்கள். பிலடெல்பியா மருத்துவர் தாமஸ் கிர்க்பிரைடின் திட்டம்: கட்டடத்தின் சிறகுகள் ஒன்றுக்குப் பின் ஒன்று தள்ளித் தள்ளி நிற்கும், ஒவ்வொரு அறைக்கும் வெயிலும் காற்றும் வரும். அக்கா உடனே எல்லிஸ் தீவு சன்னல்களைச் சொன்னாள். ஆனால் 250 பேருக்குக் கட்டிய இடத்தில் 1950களில் 2,400 பேர். இரண்டு கட்டிலுக்கு நடுவே ஆள் நுழைய முடியாது. காற்று எங்கே வரும்?

கண்ணாடிப் பெட்டிக்குள் சாமான்கள். ரேடியோ மாதிரி மரப்பெட்டி, முள் காட்டும் மீட்டர், இரண்டு வயர். இதை அக்கா தூரத்திலிருந்தே சொல்லிவிட்டாள்: மின்அதிர்ச்சி சிகிச்சை. "இதைப் பார்த்துத்தான் எல்லாரும் அலறுவாங்க. இப்பவும் இருக்குடா. மயக்கம் கொடுத்துச் செய்றாங்க, சாப்பிடாம கிடந்தவங்க எழுந்து உட்கார்றதை நானே பார்த்திருக்கேன். மயக்கமில்லாம செஞ்ச காலம்தான் கொடுமை."

பக்கத்தில் மெலிந்த கம்பி ஒன்று, பென்சிலைவிடக் கொஞ்சம் நீளம், கைப்பிடியோடு. நான் எலும்புக்கு என்று நினைத்தேன். அக்கா காது என்றாள், பிறகு மாட்டேன் என்று தலையாட்டினாள். வழிகாட்டிப் பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். மெதுவாகச் சொன்னான். மனநோய்க்கென்று வால்டர் ஃப்ரீமன் என்ற மருத்துவர் 1946இல் தொடங்கிய முறை. கண்விழிக்கு மேலே, இமைக்கடியில் இதை வைத்துச் சுத்தியால் தட்டினால் மெல்லிய எலும்பு உடையும். பிறகு உள்ளே அசைத்து மூளையின் முன்பகுதி நரம்பிழைகளை அறுப்பது. முதலில் அவர் பயன்படுத்தியது சமையலறையில் ஐஸ் உடைக்கும் குத்தூசி. அதைப் பார்த்துத்தான் இதைச் செய்துகொண்டார். 1952இல் இந்த மாநில மருத்துவமனைகளில் இரண்டு வாரத்தில் 228 பேருக்குச் செய்தார்.

"மறுபடி கண்ணா" என்றாள் அக்கா. அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. நான் கேட்டேன், யார் கையெழுத்துப் போட்டார்கள், எத்தனை பேர் வீட்டுக்குப் போனார்கள் என்று. அவள் பெட்டியின் மறுபக்கம் போய், கம்பியோடு இருந்த சின்னச் சுத்தியலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "டிரேயில இதை யாராவது ஒரு நர்ஸ்தானே எடுத்து வச்சிருப்பா."

வெளியே மழை விட்டு மேப்பிள் மரங்கள் எரிகிற மாதிரி சிவந்திருந்தன. காபி ஒன்றரை டாலர், வாயில் வைக்க முடியவில்லை.

திரும்பும் வழியில் முதல் நூறு மைல் பேச்சில்லை. பிறகு போனை எடுத்து, மோட்டல் அலமாரிக் கீறலின் போட்டோவை ஓய்வுபெற்ற நர்ஸுகள் வாட்ஸப் குழுவில் போட்டாள். கீழே ஒரே வரி: "இது எதுக்குன்னு சொல்லுங்க பார்ப்போம்." மோட்டல் என்று சொல்லவில்லை. நான்கு நாளாக ஆஸ்பத்திரி போட்டோ போட்டுக்கொண்டிருந்ததால் எல்லோரும் இதையும் ஆஸ்பத்திரி என்றே நினைத்துக்கொண்டார்கள். ஊரில் நள்ளிரவு, ஆனாலும் பதில் வந்துகொண்டே இருந்தது. எக்ஸ்ரே ஃபிலிம் நுழைக்க. கேஸ் ஷீட் போட. தெர்மாமீட்டர். ஒருத்தி, "எந்த வார்டு, அதைச் சொல்லு முதல்ல" என்றாள். ஒவ்வொன்றுக்கும் அக்கா "தப்பு" என்று ஒரு விரலால் தட்டிக்கொண்டிருந்தாள்.

பென்சில்வேனியா எல்லையைத் தாண்டியபோது திடீரென்று சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, புடவைத் தலைப்பைச் சரிசெய்தாள்.

"என்னாச்சுக்கா?"

"மேட்ரன் டைப் பண்றாங்க."